பால் வாளிகளை மறைத்து நின்ற பன்றி

நேயர்களுக்கு வணக்கம். ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ 1945 ஆகஸ்டில் வெளிவந்தது. பண்ணையாரை விரட்டிவிட்டு விலங்குகளே பண்ணையை நடத்தப் புறப்படும் கதை, ரஷ்யப் புரட்சியின் உருவகம். சின்ன நாவல், அதனாலேயே பாடமாக வைக்க வசதி. அந்த வசதியே அதற்கு வினையாகவும் போயிற்று. வகுப்பு தொடங்கியதும் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் நெப்போலியன் என்ற பன்றி, அந்தப் பக்கம் ஸ்டாலின். இன்னொரு பன்றி ஸ்னோபாலுக்கு நேரே, ஸ்டாலினின் போட்டியாளர் டிராட்ஸ்கி. பண்ணையார் ஜோன்ஸுக்கு நேரே ஜார் மன்னர். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், மதிப்பெண்ணும் விழும். நாவலைத்தான் படித்திருக்க மாட்டார்கள்.

நான் அந்தக் கோட்டைப் போடுவதில்லை. தொடக்கத்தில் ரஷ்யா என்ற பேச்சையே எடுப்பதில்லை. பால் வாளியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஜோன்ஸை விரட்டியடித்த மறுநாள். ஒரு நாள் முழுக்கக் கறக்காததால் மாடுகள் மடி கனத்துக் கத்துகின்றன. பன்றிகள் கறந்துவிடுகின்றன. ஐந்து வாளி, நுரை ததும்பும் பால். இதை என்ன செய்வது என்று ஒரு குரல் எழுகிறது. நெப்போலியன் வாளிகளை மறைத்தபடி நின்றுகொண்டு, பாலை விடுங்கள், அறுவடைதான் முக்கியம் என்கிறது. எல்லாம் வயலுக்குப் போகின்றன. மாலையில் திரும்பி வந்தால் பாலைக் காணோம். அத்தியாயம் முடிந்தது.

அவ்வளவுதான். இரத்தம் இல்லை, முழக்கம் இல்லை. ‘இந்த இடத்தில் யார் கேள்வி கேட்டிருக்க வேண்டும்?’ என்று மட்டும் வகுப்பில் கேட்பேன். பிறகு அவர்களே அடித்துக்கொள்வார்கள். பாக்ஸர்தானே பலசாலி என்பார்கள். ஆனால் அந்தக் குதிரைக்குச் சந்தேகம் வந்தாலும், ‘இன்னும் கூடுதலாக உழைப்பேன்’ என்பதைத் தாண்டிப் பதில் வராது. கழுதை பெஞ்சமினுக்குப் படிக்கத் தெரியும், வாயைத் திறக்காது. மோலி என்ற பெண்குதிரைக்கு ரிப்பனும் சர்க்கரைக் கட்டியும் இருந்தால் போதும். பாத்திர வகைகள் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். பிள்ளைகள் சண்டை போட்டே அதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

யாராவது ஒருவர், ஸ்னோபால் இருந்திருந்தால் நியாயம் கிடைத்திருக்கும் என்பார். அதற்காகவே காத்திருப்பேன். அடுத்த அத்தியாயத்தைப் புரட்டச் சொல்வேன். பாலும், காற்றில் உதிர்ந்த ஆப்பிளும் பன்றிகளுக்கே என்று முடிவாகும்போது எல்லாப் பன்றிகளும் ஒருமனதாக இருக்கின்றன, ஸ்னோபால் உட்பட. பன்றிகளுக்காகப் பேசும் ஸ்குவீலர் என்ற பன்றி வந்து விளக்கம் சொல்கிறது: எங்களில் பலருக்குப் பால் பிடிக்கவே பிடிக்காது, உங்களுக்காகத்தான் குடிக்கிறோம், நாங்கள் சோர்ந்தால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான்! வகுப்பு சிரிக்கும். பண்ணை சிரிக்கவில்லை.

இனி ரஷ்யாவை உள்ளே விடலாம். கதையின் திருப்புமுனை இந்தப் பாலும் ஆப்பிளும்தான் என்று ஆர்வெலே ஒரு கடிதத்தில் எழுதினார். குரோன்ஸ்டாட் என்ற ரஷ்யக் கடற்படைத் தளத்தையும் அதோடு சேர்த்தே குறிப்பிட்டார். 1921இல் அங்கே கிளர்ந்தெழுந்த மாலுமிகளைப் புரட்சி அரசின் செம்படை நசுக்கியது. அப்போது அந்தப் படைக்குப் பொறுப்பாக இருந்தவர் டிராட்ஸ்கி. முதலிலேயே கோடு போட்டு, ஸ்னோபாலை நல்லவர் பட்டியலில் சேர்த்துவிட்டால் இது கண்ணில் படுமா?

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விலங்குகள் பாடுபட்டுக் கட்டிய காற்றாலை, தாக்க வந்த மனிதர்கள் வைத்த வெடியில் சிதறும்போது, நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் குப்புற விழுந்ததாகத்தான் ஆர்வெல் முதலில் எழுதியிருந்தார். அச்சாவதற்குள், ‘நெப்போலியனைத் தவிர’ என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியப் படை நெருங்கி வந்தபோதும் ஸ்டாலின் மாஸ்கோவைவிட்டுப் போகவில்லை, அந்த நியாயத்தை அவருக்குச் செய்தாக வேண்டும் என்பது காரணம். ஸ்டாலினை அத்தனை கடுமையாக எதிர்த்த மனிதர்! அரசியல் உருவகம் என்றால் வாய்க்கு வந்தபடி வைவது என்று நினைக்கும் மாணவருக்கு இந்த ஒரு திருத்தத்தைக் காட்டினால் போதும்.

கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சர்க்கரைக்கட்டி மலையைப் பற்றிக் கதை சொல்லும் அண்டங்காக்கை மோசஸை விட்டுவிட வேண்டியதுதான். கடைசிச் சீட்டாட்டம் மட்டும். பன்றியும் மனிதனும் கூடிக்குலாவுவதோடு கதை முடிகிறது என்பார்கள். இல்லை, சண்டையில் முடிகிறது. நெப்போலியனும் பக்கத்துப் பண்ணையார் பில்கிங்டனும் ஒரே நேரத்தில் ஸ்பேட் ஏஸை இறக்குகிறார்கள். 1943இல் ஸ்டாலினும் மேற்கத்தியத் தலைவர்களும் கூடிய டெஹ்ரான் மாநாட்டு நட்பு நீடிக்காது என்ற ஆர்வெலின் கணிப்பு அது. ஒரு சீட்டுக்கட்டில் ஸ்பேட் ஏஸ் ஒன்றுதான். ஏமாற்றியது யார் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மணி அடித்தாலும் எழுந்து போக மாட்டார்கள். நன்றி, வணக்கம்.