மருத்துவர் படங்களின் முதுகுப்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவக் கல்லூரி மண்டபங்களிலும் பழைய வைத்தியசாலைப் படிக்கட்டோரங்களிலும் பெரிய வைத்தியர்களின் உருவப்படங்கள் தொங்குகின்றன. நாம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். சேகரிப்பைப் பேணுகிறவர் முதலில் உடையையும் கையிலிருக்கும் கருவியையும் பார்ப்பார். பிறகு படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்.

அமெரிக்க ஓவியர் தோமஸ் ஈக்கின்ஸ் 1875இல் வரைந்த படத்தில், சத்திரசிகிச்சை நிபுணர் சாமுவேல் குரொஸ் கறுப்புக் கோட்டோடு, இரத்தம் படிந்த கையில் கத்தியோடு நிற்கிறார். அதே ஓவியர் 1889இல் இன்னொரு சத்திரசிகிச்சை நிபுணர் டேவிட் அக்னியூவை வரைந்தபோது, அவரும் உதவியாளர்களும் வெள்ளை அங்கியில் இருக்கிறார்கள். பிரித்தானிய சத்திரசிகிச்சை நிபுணர் ஜோசப் லிஸ்டர் 1867இல் வெளியிட்ட கிருமியொழிப்பு முறை இதற்கிடையில் பரவியிருந்தது. இதேபோல பிரெஞ்சு வைத்தியர் லனெக் 1816இல் கண்ட ஸ்டெதஸ்கோப் ஒற்றைக் குழாய். இரு காதிலும் வைப்பது 1850களில்தான் வந்தது. பெயர் தெரியாத படத்துக்குக் காலம் குறிக்க இவை உதவும். ஆனால் ஆள் இறந்தபின் வரைந்த படத்தில் ஓவியர் தன் காலத்துக் கருவியைக் கையில் கொடுத்துவிடுவதும் உண்டு. அதனால்தான் பின்பக்கம் முக்கியம்: ஸ்டூடியோ முத்திரை, பழைய லேபிள், பென்சில் எழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும்.

திருகோணமலையில் படத்துக்கு இரண்டு எதிரிகள். மாரியில் ஈரம், கச்சான் வீசும்போது வறட்சி. கன்வஸும் அதன்மேல் உள்ள வர்ணமும் ஒரேயளவில் நெகிழ்ந்து இறுகுவதில்லை, அதனால் வர்ணம் வெடிக்கும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம். உட்சுவரிலும் சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் அரை அங்குலத் தக்கைத்துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். கடற்காற்றில் இரும்புக் கம்பி உள்ளே துருப்பிடித்து ஒருநாள் அறும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு இரண்டு கொக்கியில் மாட்டுங்கள். ஏசி காற்று நேரே படும் இடமும் ஆகாது.

பலருக்குத் தெரியாத கோளாறு ஒன்று. கன்வஸை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டத்தின் மூலைகளில் சிறிய ஆப்புகள் இருக்கும். ஒன்று கழன்று விழுந்து கீழ்ச்சட்டத்துக்கும் துணிக்கும் இடையில் சிக்கினால், முன்பக்கம் புடைத்து அந்த இடத்தில் வர்ணம் உதிரும். முன்னாலிருந்து அமுக்கக்கூடாது. பின்னால் தடித்த அட்டை பூட்டினால் ஆப்பு தொலையாது, தூசியும் சேராது.

துப்புரவுக்கு மென்மையான தூரிகை போதும். உருளைக்கிழங்குத் துண்டு, பாண், ஈரத்துணி எல்லாம் வேண்டாம். வெடிப்புக்குள் இறங்கும் ஈரமே வர்ணத்தைத் தூக்கும். வர்ணம் உதிரும் படத்தில் தூரிகையும் படக்கூடாது. பூஞ்சணம் என்றால் முதலில் நிழலில் காயவிட்டு, முகக்கவசம் போட்டு வெளியே வைத்துத் தூரிகையால் மெல்லத் தட்டுங்கள்.

மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் போன்றவர்களின் காலத்தில் புகைப்படம் வந்துவிட்டது. அந்தக் காலத்துப் படங்களில் பல, முட்டை வெள்ளைக்கருப் பூச்சுள்ள மெல்லிய தாளில் அச்சானவை. வெளிச்சத்தில் மஞ்சளித்து மங்கும். அசலை இருட்டில் வைத்துவிட்டு, பிரதியை மாட்டுவதே சரி. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை விளிம்பு இல்லாவிட்டால் மாரியில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை இழுக்காதீர்கள், கண்ணாடியோடேயே படமெடுத்துவிடுங்கள்.

அப்படி எடுத்துவைக்கும் பிரதியின் பெறுமதி பின்னால்தான் தெரியும். ஆங்கிலேய ஓவியர் ரெனால்ட்ஸ் 1786இல் வரைந்த, சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் ஹன்டரின் படம் காலப்போக்கில் இருண்டுவிட்டது. மேல்மூலையில் தொங்கும் இராட்சத மனிதனின் கால் எலும்பு போன்றவற்றைத் தெளிவாகப் பார்க்க, அதைப் பார்த்து வில்லியம் ஷார்ப் 1788இல் செதுக்கி அச்சிட்ட படமே உதவுகிறது.

சித்த மருத்துவக் கூடங்களிலுள்ள அகத்தியர் படம் வேறு வகை. அவரை யாரும் முன்னால் இருத்தி வரைந்ததில்லை. பதிவேட்டில் அதைக் 'கற்பனைப் படம்' என்றே எழுதுங்கள். மற்றப் படங்களுக்கு ஆளின் பெயர், வரைந்தவர், ஆண்டு, அசலா பிரதியா, யார் தந்தது, அளவு சென்ரிமீற்றரில். கன்வஸின் பின்னால் பேனையால் எழுதினால் மை முன்பக்கம் வரும். மரச்சட்டத்தில் மென்பென்சிலால் இலக்கம் மட்டும் போட்டு, மிச்சத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்.