பாலத்துக்கு நேராகப் போகாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மலையில் மூடுபனி இறங்கிவிட்டது, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓடையின் மேல் ஒரு பாலம் இருப்பதாக வரைபடம் சொல்கிறது. அதற்கு எப்படிப் போவது?

காம்பஸின் பிளாஸ்டிக் தட்டை வரைபடத்தின் மேல் வையுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தையும் பாலத்தையும் அதன் நீண்ட விளிம்பு தொட வேண்டும். தட்டிலுள்ள அம்பு பாலத்தின் பக்கம் பார்க்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், பாலத்தின் பக்கம். அது திரும்பியிருந்தால் 180 டிகிரி பிசகு, வந்த வழியே திரும்பி நடப்பீர்கள். அடுத்து, சுழலும் வட்டத்தைத் திருப்பி, அதனுள்ளே உள்ள கோடுகளை வரைபடத்தின் வடக்கு தெற்குக் கோடுகளுக்கு இணையாக்குங்கள். வட்டத்தின் வடக்கு, வரைபடத்தின் வடக்கைப் பார்க்க வேண்டும். இதுவரை ஊசிக்கு வேலையே இல்லை. பலர் இங்கேதான் ஊசியைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.

வட்டம் 70 டிகிரி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசி காட்டும் காந்த வடக்கு, வரைபடத்தின் வடக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். கிழக்கே விலகினால் கழியுங்கள், மேற்கே என்றால் கூட்டுங்கள். விலகல் ஆண்டுக்காண்டு மாறும், அச்சான வருடத்தையும் பாருங்கள். பிறகு காம்பஸை நெஞ்சுக்கு நேரே மட்டமாகப் பிடித்து, ஊசியின் சிவப்பு முனை வட்டத்தின் அடியிலுள்ள அம்புக்குள் அடங்கும்வரை உடம்போடு திரும்புங்கள். இப்போது தட்டிலுள்ள அம்பு பார்க்கும் பக்கம்தான் நடக்க வேண்டிய திசை. கைபேசி தள்ளியே இருக்கட்டும். அதிலுள்ள காந்தம் ஊசியை இழுக்கும், நெடுநாள் ஒட்டி வைத்தால் ஊசியின் துருவமே மாறிப்போகலாம்.

இனி நான் எங்கே போனாலும் விடாமல் சொல்வது: பாலத்துக்கு நேராகப் போகாதீர்கள். ஒரு டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டரில் சுமார் 17 மீட்டர் விலகுவோம். புதரையும் பாறையையும் சுற்றிப் போகும்போது மூன்று நான்கு டிகிரி பிசகுவது சாதாரணம். ஓடைக்கரைக்கு வந்தாயிற்று, பாலத்தைக் காணோம். இடமா, வலமா? யாருக்குத் தெரியும்! அதனால் வேண்டுமென்றே ஆறு டிகிரி குறைத்து வையுங்கள். பாலத்துக்கு இடப்பக்கமாக ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளிக் கரையைத் தொடுவீர்கள். கொஞ்சம் பிசகினாலும் பாலம் வலப்பக்கம்தான். யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பலாம். துல்லியமாகப் போகிறேன் என்று கிளம்புகிறவர்தான் கரையில் நின்று விழிப்பார், தெரிந்தே தள்ளிப் போகிறவர் விழிக்க மாட்டார். ஆனால் இதற்கு ஓடை, வேலி, பாதை என்று குறுக்கே ஓடும் நீளமான ஏதாவது ஒன்று வேண்டும். தனியாக நிற்கும் குடிசைக்கு இந்த உபாயம் உதவாது.

கடிகாரம் விரட்டுகிறது. வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளைப் பற்றி ஒன்று மட்டும்: நெருங்கியிருந்தால் செங்குத்து. நடக்க ஆகும் நேரத்தின் கணக்கு, 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் வகுத்த விதி. இன்றைய மெட்ரிக் அளவில் மணிக்கு 5 கிலோமீட்டர், ஏற்றத்தில் ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு நிமிடம். நடந்த தூரம் தெரியக் காலடி எண்ணுவதற்கு, இடது கால் ஊன்றும்போது மட்டும் எண்ணுங்கள். சமதளத்தில் 100 மீட்டருக்குப் பலருக்கும் 60 முதல் 70 வரும். ஏற்றத்தில் கூடும். வணக்கம்.