போலீசைத் திட்டிப் பாடினவர், 20 வருஷத்துக்கும் மேல போலீஸ் வேஷத்துல: ஐஸ்-டீ எப்படி நடிகர் ஆனாரு?

[திரை: இருட்டு. கேசட் பட்டனை அமுக்குற 'டக்' சத்தம் மட்டும்.]

1992 ஜூன். அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்துப் போலீஸ் சங்கம் ஒண்ணு, டைம் வார்னர் கம்பெனியோட சரக்கு எதையும் வாங்காதீங்கன்னு அறிக்கை விடுது. காரணம் அந்தக் கம்பெனி வெளியிட்ட ஒரே ஒரு பாட்டு. துணை ஜனாதிபதி டான் குவேல் திட்டுறாரு, ஜனாதிபதி புஷ் திட்டுறாரு. பாட்டு பேரு 'காப் கில்லர்'. போலீசைக் கொல்றவன்.

[திரை: 2000. நியூயார்க் போலீஸ் அலுவலகம். தோல் ஜாக்கெட் போட்ட ஒரு துப்பறிவாளர்.]

எட்டே வருஷம். அதே பாடகர் 'லா அண்ட் ஆர்டர்: எஸ்வியூ' தொடர்ல துப்பறிவாளர் ஃபின் டுடுவோலாவா வந்து நிக்கிறாரு. ஒப்பந்தம் பேசினது 4 எபிசோடுக்குத்தான். போனவரு திரும்பி வரவே இல்ல.

வணக்கம். ஐஸ்-டீ. பேரைக் கேட்டா செந்தூல் மாமாக் கடையில 'தே ஓ ஐஸ்', அதாவது பால் போடாத ஐஸ் டீ, ஆர்டர் பண்ற மாதிரி இருக்கும், ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. சர்ச்சையைக் கிளப்பினா சினிமா கதவு தானா திறக்கும்னு நம்ம கோலாலம்பூர் ராப் பசங்க நிறைய பேர் நம்புறாங்க. ஆதாரத்துக்கு இவர் பேரைத்தான் இழுப்பாங்க. தேதிகளை வரிசையா வெச்சுப் பார்த்தா அந்தக் கணக்கு உதைக்குது. முதல்ல தேதிகளைப் பார்ப்போம்.

[திரை: லாஸ் ஏஞ்சலஸ் வரைபடம். கிரென்ஷா பகுதியில் ஒரு புள்ளி.]

சொந்தப் பேரு டிரேசி மாரோ. 1958-ல பிறந்தவரு. சின்ன வயசுலயே அம்மா போயிட்டாங்க, சில வருஷத்துல அப்பாவும். லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க. கிரென்ஷா பள்ளிக்கூடம், அப்புறம் ராணுவம். அமெரிக்கத் தரைப்படையோட 25-வது காலாட்படைப் பிரிவு. ஹவாயில இருந்தப்போதான் பாட்டு சாமான் வாங்கிச் சேர்க்க ஆரம்பிச்சாரு.

பேரு எங்கிருந்து வந்துச்சுங்கிறது முக்கியம். ஐஸ்பெர்க் ஸ்லிம்னு ஒரு எழுத்தாளர். பெண்களை வெச்சுத் தொழில் பண்ணி, ஜெயிலுக்குப் போய் வந்து, அந்த வாழ்க்கையையே புத்தகமா எழுதினவரு. பள்ளிக்கூட வயசுல டிரேசி அந்தப் பக்கங்களை மனப்பாடம் பண்ணி, கூட்டாளிங்க முன்னால ஏற்ற இறக்கத்தோட ஒப்பிச்சுக் காட்டுவாரு. கூட்டாளிங்க வெச்ச பேருதான் ஐஸ். யோசிச்சுப் பாருங்க, இன்னொருத்தன் எழுதின வசனத்தை நெட்டுரு போட்டு, இன்னொருத்தனா மாறி, ஆளுங்க முன்னால பேசுறது. ராப்புக்கு முன்னாலயே அவர் கத்துக்கிட்டது நடிப்பு.

1984-ல 'பிரேக்கிங்' படத்துல தலையைக் காட்டினாரு. பாத்திரத்துக்குப் பேரே கிடையாது. 'ராப் டாக்கர்'னு போட்டாங்க, அவ்வளவுதான். பாடகரைப் படத்துல போட்டு வீணடிக்கிறது இப்படித்தான். மேடையில பண்றதையே கேமரா முன்னால பண்ணச் சொல்றது. அதுல அந்த ஆளுக்கு நடிக்க வருமா வராதான்னு யாருக்கும் தெரியப் போறதில்ல. அடுத்த வருஷம் இன்னொரு ராப் படம், அதே கதை.

நடுவுல பாட்டு வேலை சூடு பிடிச்சுது. 1986-ல '6 இன் த மார்னிங்', ஒரு இசைத்தட்டோட பின்பக்கத்துல போட்ட பாட்டு. 1987-ல முதல் ஆல்பம் 'ரைம் பேஸ்'. 1988-ல 'கலர்ஸ்' படத்துக்குத் தலைப்புப் பாட்டு.

[திரை: 1991 என்ற எண் மட்டும், பெரிசா.]

இந்த வருஷத்தை மனசுல வெச்சுக்குங்க. மார்ச் 1991, 'நியூ ஜாக் சிட்டி'. இயக்குநர் மாரியோ வான் பீபில்ஸ். ஒரு கிளப்போட கழிவறையில ஐஸ்-டீ சும்மா வாய்ச்சவடால் விட்டுட்டு இருந்ததை, உள்ளே இருந்த வான் பீபில்ஸ் கேட்டுட்டு, அந்தப் பேச்சுக்காகவே படத்துக்குக் கூப்பிட்டாருன்னு ஐஸ்-டீ பல இடத்துல சொல்லியிருக்காரு. கொடுத்த வேஷம் ஸ்காட்டி ஆப்பிள்டன். போதை வியாபாரிகளைப் பிடிக்கிற போலீஸ். படச் செலவு சுமார் 80 லட்சம் டாலர், வசூல் 4 கோடியே 70 லட்சத்துக்கும் மேல. ஸ்டூடியோக்காரங்க கண்ணுல பட்ட கணக்கு இதுதான்.

அதாவது 'காப் கில்லர்' வெளிவர ஒரு வருஷம் முன்னாலயே இவர் நடிகர் ஆயாச்சு. அதுவும் போலீஸா.

[திரை: 1992 மார்ச். 'பாடி கவுண்ட்' ஆல்பம் உறை.]

இப்ப சர்ச்சைக்கு வருவோம். நிறைய பேர் இங்கேயே தப்பு பண்றாங்க: 'காப் கில்லர்' ராப் பாட்டே இல்ல. ஐஸ்-டீ, கிரென்ஷா பள்ளித் தோழர் எர்னி சி-யோட சேர்ந்து ஆரம்பிச்ச 'பாடி கவுண்ட்'ங்கிற மெட்டல் பேண்டோட பாட்டு அது. கிதார், டிரம்ஸ், கத்தல். போலீஸ் அடாவடியைப் பார்த்துப் பார்த்து வெறி பிடிச்சுப்போன ஒருத்தன் பேசுற மாதிரி எழுதினது.

ஆல்பம் வந்தது மார்ச்ல. ஏப்ரல் 29, ராட்னி கிங்ங்கிற கறுப்பரை அடிச்ச போலீஸ்காரங்க வழக்குல அவங்களை விடுவிச்சுத் தீர்ப்பு வந்து, லாஸ் ஏஞ்சலஸ் பத்தி எரியுது. அதுக்கப்புறம்தான் போலீஸ் சங்கம் பாட்டைக் கையில எடுக்குது. கலவரம் வராம இருந்திருந்தா, மெட்டல் கேக்குற பசங்களுக்கு வெளியே இந்தப் பாட்டை யாரும் கேட்டிருக்கக்கூட மாட்டாங்கங்கிறது எங்க கணிப்பு.

ஜூலை. பெவர்லி ஹில்ஸ்ல டைம் வார்னர் பங்குதாரர் கூட்டம். நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன், பழைய படத்துல மோசேயா நடிச்சவரு, எந்திரிச்சு நின்னு பாட்டு வரிகளை ஒண்ணுவிடாம வாசிக்கிறாரு.

[திரை: ஒலிவாங்கி முன்னால் ஒரு முதியவரின் நிழல். சத்தம் இல்லை.]

இங்க கொஞ்சம் நில்லுங்க. அதே சொல், அதே 'நான் சுடுவேன்'. ஹெஸ்டன் வாயில இருந்து வந்தப்போ, அவர் யாரையாவது சுடப் போறாருன்னு அந்த அறையில ஒருத்தரும் நினைக்கல. ஐஸ்-டீ வாயில வந்தப்போ மட்டும் அது வாக்குமூலம் ஆயிடுச்சு.

நம்ம சங்க அகப்பாட்டுல இந்தக் குழப்பத்துக்கு வழியே கிடையாது. பாட்டுக்குக் கீழயே 'தலைவி கூற்று', 'தோழி கூற்று'ன்னு யார் பேசுறாங்கன்னு குறிச்சிருப்பாங்க. எழுதின புலவன் ஆம்பளையா இருந்தாலும் பேசுறவ தலைவி. ராப்புல அந்தக் குறிப்பு கிடையாது. ராப்பர் 'நான்'னா கேக்குறவன் அதை அந்த ஆளாவே எடுத்துக்குவான். பாதி வியாபாரமே அந்த நம்பிக்கையிலதான் ஓடுது. வம்பு வந்த பிறகு 'அது பாத்திரம் சார்'னா யார் நம்புவா? சினிமாவுல அந்தப் பிரச்சினை இல்ல. படத்துப் பேரு, பாத்திரத்துப் பேரு, கடைசியில ஓடுற எழுத்து, எல்லாமே 'கூற்று' குறிப்புதான்.

ஜூலை 28, பத்திரிகையாளர் சந்திப்பு. வார்னர் ஆளுங்களுக்கு மிரட்டல் வருது, அதனால பாட்டை நானே எடுத்துடுறேன்னு ஐஸ்-டீ சொல்றாரு. கடையில இருந்த பழைய பதிப்பைத் தேடி ஜனங்க ஓடினாங்க. புதுப் பதிப்புல அந்தப் பாட்டுக்குப் பதிலா 'ஃப்ரீடம் ஆஃப் ஸ்பீச்' பாட்டை வேற மாதிரி பண்ணிச் சேர்த்தாங்க. அதோட முடியல. அடுத்த ஆல்பம் 'ஹோம் இன்வேஷன்' உறைப் படத்தை வார்னர் ஏத்துக்கல. தள்ளித் தள்ளிப் போய், ஐஸ்-டீ கம்பெனியை விட்டே வெளியேறி, 1993 மார்ச்ல பிரையாரிட்டிங்கிற வேற இசைக் கம்பெனி மூலமா வெளியிட்டாரு. சர்ச்சை அவர்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டது ஒரு பாட்டு, ஒரு கம்பெனி, கொஞ்ச மாசம். கொடுத்த வேஷம்? ஒண்ணும் இல்ல.

[திரை: வேகமாக மாறும் பட உறைகள்.]

அடுத்த சில வருஷத்தை வேகமா தாண்டலாம். 1994 'சர்வைவிங் த கேம்'. 1995-ல 'ஜானி நெமோனிக்', 'டேங்க் கேர்ள்'. கடைசிப் படத்துல கங்காரு மனுஷனா வந்தாரு, முகம் முழுக்க ஒப்பனை. வாடகை கட்டணும்ல.

உருப்படியான திருப்பம் தயாரிப்பாளர் டிக் வுல்ஃப். 1995-ல அவர் தயாரிச்ச 'நியூயார்க் அண்டர்கவர்' தொடர்ல வில்லன் வேஷம். 1997-ல அவரோடயே 'பிளேயர்ஸ்'னு ஒரு தொடர், ஒரே சீசன்ல படுத்துடுச்சு. 1998-ல 'எக்ஸைல்டு' டிவி படத்துல மாமா வேலை பார்க்கிறவன். நாலாவது தடவைதான் ஃபின். படுத்துப்போன தொடருக்கு அப்புறமும் தயாரிப்பாளர் திரும்பக் கூப்பிடுறாருன்னா, நேரத்துக்கு வந்து, வசனம் தெரிஞ்சு, தகராறு பண்ணாம வேலை முடிச்சுக் கொடுத்திருக்காருன்னுதான் நாம எடுத்துக்கணும். எஸ்வியூ மாதிரி அமெரிக்க டிவி தொடர்ல ஒரு சீசனுக்கு 22 எபிசோடு போல வரும், ஒண்ணொண்ணுக்கும் ஒரு வாரத்துக்கு மேல படப்பிடிப்பு. அந்த ஓட்டத்துல மேதையைவிட நம்பகமான ஆளுக்குத்தான் கிராக்கி.

[திரை: விசாரணை அறை, வரைபடமாக. மூணு நாற்காலி.]

ஃபின் அப்படி என்னதான் பண்றாரு? ஒரு காட்சியைப் பிரிச்சுப் பார்ப்போம். தடயவியல் டாக்டர் வாய்ல நுழையாத ஒரு மருத்துவச் சொல்லைச் சொல்வாரு. பக்கத்துல நிக்கிற ஃபின் முகத்தைச் சுளிச்சு, 'அப்ப இந்த ஆளு இப்படிப் பண்ணான்னு சொல்றீங்களா?'ன்னு தெரு பாஷையில திருப்பிக் கேப்பாரு. நகைச்சுவைக்காரங்க இதை வெச்சுக் கிண்டல் பண்ணியிருக்காங்க. ஆனா சோபாவுல படுத்துக்கிட்டுப் பாதித் தூக்கத்துல பாக்குறவனுக்குக் கதை புரியுறது அந்த ஒரு வரியிலதான். தெருக்கூத்துல கட்டியக்காரன் பண்றது இதே வேலை. ராஜா செந்தமிழ்ல முழங்குவாரு. கட்டியக்காரன் அதை நம்ம பேச்சுல உடைச்சு வைப்பான்.

ராப்பர் கையில ஏற்கனவே இருக்கிற சரக்கு: மூச்சுக் கட்டுப்பாடு, மனப்பாடம், சொல்லை எங்க அழுத்தணும்ங்கிற காது. இல்லாத சரக்கு: அடுத்தவன் பேசுறப்போ சும்மா இருந்து கேக்குறது. மேடையில நாலு வினாடி மௌனம்னா சொதப்பல். குளோஸ்-அப்ல அந்த நாலு வினாடிதான் நடிப்பு. தரையில டேப் ஒட்டின இடத்துல வந்து நிக்கணும், அரை அடி தாண்டினாலும் படம் மங்கிடும். முதல் டேக்ல வலது கையால காப்பிக் கப்பை எடுத்திருந்தா ஏழாவது டேக்லயும் வலது கைதான், அதுவும் அதே சொல் வரும்போது. பழக்கமே இல்லாத பாடகருங்க சறுக்குறது பெரும்பாலும் இங்கதான்.

2019-ல எஸ்வியூ 21-வது சீசன் தொடங்கி, அமெரிக்காவுல ரொம்ப காலம் ஓடின முக்கிய நேர நடிப்புத் தொடர்ங்கிற இடத்தைப் பிடிச்சுது. 2021-ல 500-வது எபிசோடு. அதே 2021-ல 'பாடி கவுண்ட்' பேண்ட் 'பம்-ரஷ்' பாட்டுக்கு மெட்டல் பிரிவுல கிராமி வாங்கினாங்க. பாட்டை விட்டுட்டாருன்னு புலம்புற ரசிகர்கள் இதை மட்டும் வசதியா மறந்துடுவாங்க.

[திரை: பிரிக்பீல்ட்ஸ் சாலை. இரவு.]

இனி நம்ம ஊரு. முவார்ல பிறந்த ராப்பர் நேம்வீ, தைவான்ல படிக்கிறப்போ 2007-ல மலேசிய தேசிய கீதத்தை வெச்சு ராப் பண்ணிப் பெரிய வம்புல மாட்டினவரு. யாரும் கூப்பிடுவாங்கன்னு காத்திருக்காம 2011-ல 'நாசி லெமாக் 2.0' படத்தைத் தானே இயக்கி நடிச்சாரு. தமிழ்ப் பக்கம் யோகி பி: 2006-ல நட்சத்திரா குழுவோட 'வல்லவன்' ஆல்பம், அப்புறம் 'பொல்லாதவன்', 'ஆடுகளம்', 'விவேகம்'னு படப் பாட்டுக்குக் கோடம்பாக்கம் போனது அவர் குரல். குரலைக் கோலாலம்பூர்ல பதிவு பண்ணி ஃபைலா அனுப்பிடலாம். முகத்தை அனுப்ப முடியாது. ஆளே போய் மாசக்கணக்குல உக்காரணும்.

சர்ச்சைப் பாட்டுக்கு இங்க ஒரு சட்டம், படத்துக்கு வேற சட்டம். இணையத்துல போடுற பாட்டுக்கு 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தோட 233-வது பிரிவு. போட்டதுக்கு அப்புறம்தான் அது வேலை செய்யும், அதிகாரிங்க வந்து தொலைபேசிய எடுத்துட்டுப் போனதுக்குப் பிறகுதான் நமக்கே தெரியும். தியேட்டர் படம் வெளியாகுறதுக்கு முன்னாலயே தணிக்கை வாரியம், அதாவது எல்பிஎஃப், பார்த்துடும். 2016 'கபாலி'யை இங்க பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும்: கடைசியில கபாலி போலீஸ்ல சரணடைஞ்சதா திரையில எழுத்து வந்துச்சு. வேற நாட்டுல பார்த்தவங்களுக்கு அந்த முடிவு கிடையாது. குண்டரா நடிக்கலாம், கடைசி வரி போலீஸோடதா இருக்கணும்.

கையெழுத்து போடுறதுக்கு முன்னால பத்திரத்துல ரெண்டு இடம் பாருங்க. மூல ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம்? பாட்டை எடுக்கச் சொல்ற உரிமை யாருக்கு, அந்தச் செலவு யார் தலையில? ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்து எண்ல ஐஎஸ்ஆர்சி குறியீடு இருக்கும். பாட்டை இறக்கிட்டு அதே பதிவைத் திரும்ப ஏத்தினா பழைய குறியீட்டையே கொடுங்க, இல்லாட்டி கேட்ட எண்ணிக்கை பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். கெட்ட வார்த்தை வெட்டின ரேடியோ பதிப்பு வேற பதிவு, அதுக்குத் தனிக் குறியீடு.

போலீஸ் வேஷம் கிடைச்சா? இங்க பிடிஆர்எம்மோட, அதாவது மலேசியப் போலீஸோட, சீருடை, சின்னம் எதைக் காட்டுறதா இருந்தாலும் தயாரிப்பாளர் அவங்ககிட்ட முன்னாடியே அனுமதி வாங்கணும், கதையையும் கேப்பாங்க. ஒத்துக்குறதுக்கு முன்னால அந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்க. படப்பிடிப்பு நாள்ல அது இல்லேன்னு தெரிஞ்சா, ஒப்பனையோட உக்காந்து கூலி இல்லாம வீட்டுக்குப் போறது நீங்கதான்.

[திரை: இருட்டு. 'டக்'.]