கோரிப்பாளையம் நெரிசல் நேற்றும் இருந்தது

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் தரையில் உட்கார்ந்து கேட்கிற என் ஊர்ச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'நேரம் தவறுவதற்குக் காரணம் சூழ்நிலையா, பழக்கமா?' என்பது தலைப்பு. பழக்கம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நம் மதுரையின் கோரிப்பாளையத்து நெரிசலைச் சொன்னார். காளவாசல் சிக்னலைச் சொன்னார். திருவிழா வந்தால் மாசி வீதிக்குள் வண்டி விடமாட்டார்கள் என்றார். அத்தனையும் உண்மை. ஆனால் ஐயா, கோரிப்பாளையம் நெரிசல் நேற்றும் இருந்ததே, போன வருடமும் இருந்ததே! தினமும் இருக்கிற ஒன்று எப்படித் திடீர்த் தடங்கலாகும்? அதைக் கணக்கில் சேர்க்காமல் வீட்டை விட்டு இறங்கியது யார்?

இதே ஊரில்தான் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு மல்லிகை வருகிறது. சாயங்காலம் விரிய வேண்டிய மொட்டை வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். பறித்ததை நேரத்தோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மொட்டு வாய் திறந்துவிட்டால் விலை இறங்கிவிடும். இருட்டில் எழுந்து தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்குச் சூழ்நிலை என்ன சுகமாகவா இருக்கிறது?

அடுத்துப் பேசிய சகோதரர், "அழகரே தங்கை கல்யாணத்துக்குத் தாமதமாகத்தானே வந்தார்" என்று கேட்டுக் கைதட்டு வாங்கிவிட்டார். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். இரண்டு விழாவையும் இணைக்கிற கதைதான் அது. சரி, கதையாகவே எடுத்துக்கொள்வோம். அழகர் வரும்வரை தாலி கட்டாமல் காத்திருந்தார்களா? இல்லையே! அழகருக்கே முகூர்த்தம் நிற்கவில்லை. இன்றைக்கும் வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். ஆனாலும் ஆற்றில் இறங்குவதற்கு முன்கூட்டியே நேரம் குறித்திருக்கிறது. ராத்திரியே வந்து வைகைக் கரையில் படுத்துக்கிடக்கிற சனம் அதை நம்பித்தான் வருகிறது.

தாமதமாக வருகிறவரைச் சோம்பேறி என்று நான் சொல்லமாட்டேன். அவர் கணக்கில் தவறுகிறார். கானேமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1970-களிலேயே இந்தத் தவறுக்குப் பெயர் வைத்தார்கள்: திட்டமிடலில் வருகிற மயக்கம். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள். கடைசியில் ஆனது 55 நாளுக்கும் மேல். பாருங்கள் ஐயா, மோசமான நிலையை யோசித்துச் சொன்ன கணக்கும் போதவில்லை! இத்தனைக்கும் இதற்கு முன் எத்தனையோ வேலையை இழுத்தடித்து முடித்த பிள்ளைகள்தான். பழைய அனுபவத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காத பழக்கம், அவ்வளவுதான்.

எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. ஒருநாள் என் அம்மா மேலூரிலிருந்து மாட்டுத்தாவணியில் வந்து இறங்கினார். "கிளம்பிட்டேன்மா, பத்து நிமிசம்" என்றேன். அப்போது நான் வில்லாபுரத்தில் வீட்டுக்குள் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். மறுபடி போன் வந்தது, மறுபடியும் பத்து நிமிசம். போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. கையில் மஞ்சப்பையோடு நின்றுகொண்டே இருந்தார். ஏன்மா உட்காரவில்லை என்றேன். "பத்து நிமிசத்துல வந்துர்றேன்னு சொன்னியே தாயி, நீ வந்து தேடுவியேன்னு தண்ணி குடிக்கக்கூட அங்கிட்டுப் போகல" என்றார். நிஜத்தைச் சொல்லியிருந்தால் ஒரு காப்பி குடித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். என் நேரம் போனதைவிட, அந்தக் கால்வலியைக் கொடுத்தது என் வார்த்தை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வாரமே ஒரு நோட்டு போட்டேன். செருப்பு மாட்டுவதிலிருந்து பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவது வரை, எதற்கு எவ்வளவு ஆகிறது என்று எழுதினேன். இருபது நிமிடம் என்று பல வருடமாக நம்பிய பயணம், முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. அந்த இருபது எங்கிருந்து வந்தது தெரியுமா? என்றோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காலி ரோட்டில் போன கணக்கு! வண்டியை வெளியே எடுப்பது, பெட்ரோல் போடுவது, நிறுத்த இடம் தேடுவது எதுவுமே அதில் இல்லை. கணக்கைத் திருத்தினேன். வண்டி தெருமுனை தாண்டிய பிறகுதான் "கிளம்பிட்டேன்" என்ற வார்த்தையைச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். பழக ஆறேழு மாதம் ஆனது. நடுவில் பலமுறை தவறினேன்.

அதே வில்லாபுரம், அதே ரோடு, அதே நெரிசல். சூழ்நிலையில் ஒரு துரும்புகூட மாறவில்லை ஐயா. போன வெள்ளிக்கிழமை அம்மா பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, நான் படிக்கட்டுப் பக்கத்தில் நின்று மஞ்சப்பையைக் கையில் வாங்கினேன். இதைத் தீர்ப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.