இருபத்தேழு செட்டுக்குப் பதில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஸ்பெயின் சமூகத்தை உறைக்கச் சாடியது அந்நாட்டு ஓவியர் கோயாவின் வண்ண ஓவியமா, எட்சிங்கா? எட்சிங் என்றால் செப்புத்தகட்டை அமிலத்தில் அரித்து, மை தடவி அச்செடுக்கிற படம். நான் எட்சிங் கட்சி.

எதிரணித் தலைவர் கைதட்டு வாங்கினார். "1799-இல் 80 எட்சிங் போட்டு 'காப்ரிச்சோஸ்' என்று வெளியிட்டார் கோயா. விற்ற இடம் வாசனைச் செண்டுக்கடை. 80 படமும் சேர்ந்தது ஒரு செட்டு. போனது 27 செட்டு. இதுவா விமர்சனம்?" என்றார். ஐயா, பாதியை விழுங்கிவிட்டீர்கள். அந்தக் கடையில் செண்டு மட்டுமா, மதுவும் விற்றார்கள்! மாட்ரிட்டில் அந்தத் தெருவின் பேர் தெசெங்கான்யோ. தமிழில் சொன்னால், மயக்கம் தெளிதல். மயக்கம் தெளிகிற தெருவிலே மதுக்கடை. அதே கடையில் தெளியவைக்கிற சரக்கு செட்டு 320 ரியால். எதை முதலில் வாங்குவான் மாட்ரிட்காரன்? நீங்களே சொல்லுங்கள்!

27 போனது என்கிறீர்களே, மிச்சம் எங்கே? 1803-இல் 80 தகட்டையும், விற்காத 240 செட்டையும் மன்னருக்கே கொடுத்து, மகனுக்கு உதவித்தொகை வாங்கிவிட்டார். மேட்டுக்குடியைக் கிண்டலடித்த தகட்டை மன்னர் வீட்டிலேயே பத்திரப்படுத்திய ஆள், விற்கத் தெரியாதவரா?

சரி, 42-ஆம் படம். ரெண்டு விவசாயிகள் முதுகில் ரெண்டு கழுதை. கழுதை மேலே, மனுஷன் கீழே. ஒரு கழுதைக் காலில், குதிரை ஓட்டுகிறவன் மாட்டுகிற குதிமுள் வேறு! கீழே 'முடியாதவனே' என்று மொட்டையாக நிற்கிறது. ஸ்பானியப் பழமொழியின் பாதி அது. 'என்னைத் தூக்கிக்கொண்டு போ' என்ற மீதியை வாங்கியவனே சொல்லிக்கொண்டான்.

எண்ணெய் வண்ணத்தில் இந்தப் படங்களின் இருட்டு வராதா என்பார்கள். வரும், ஒரே ஒரு சுவரில். இங்கே செப்புத்தகட்டில் பிசின்தூளைத் தூவி, அடியில் சூடு காட்டி ஒட்டவைத்து, அமிலத்தில் இறக்குகிறார்கள். தூளுக்கு இடைப்பட்ட செம்பு அரிபடுகிறது. அந்தக் குழியில் மை தங்கினால் சாம்பல் நிறம். சூடு குறைந்தால் தூள் நிற்காது. கூடினால் உருகிப் படலமாகி, அமிலம் செம்பைத் தொடாது. வெளுப்பாக வேண்டிய இடத்தை வார்னிஷால் அடைத்து, மறுபடி இறக்க வேண்டும். கடைசிவரை அமிலத்தில் கிடந்த இடம் கன்னங்கருப்பு. அச்சு ஏற ஏற அந்தச் சொரசொரப்பு மழுங்கும். பிந்திய பிரதிகள் வெளுத்திருப்பது அதனால்தான்.

இன்னொன்று, நடுவர் அவர்களே. 1808-இல் நெப்போலியன் படை வந்தது. செம்பு கிடைக்கவில்லை. தான் செதுக்கிய நிலக்காட்சித் தகடுகளையே ரெண்டாக வெட்டி, பின்பக்கத்தில் பிணங்களைப் பொறித்தார் கோயா. அந்தப் போர்ப் படங்களில் 44-ஆவதில் ஊரே ஓடுகிறது, ஒரு தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு. கீழே, 'நான் இதைப் பார்த்தேன்'. எழுதியவருக்குக் காது கேட்காது. பீரங்கிச் சத்தம்கூட எட்டாத மனுஷனுக்குக் கண் மட்டும்தான் மிச்சம்.

அந்தத் தகடுகள் வெளிவந்தது 1863-இல். அவர் போய் 35 வருஷம். 27 செட்டு என்று எண்ணினீர்களே ஐயா, அவர் உயிரோடு இருந்தவரை இது ஒரு செட்டுகூடக் கடைக்கு வரவில்லை.

வணக்கம்.