தோப்பில் விழுந்த சின்ன டார்ச்சை எப்படித் தேடுவது? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் சந்தேகம், பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு நேயருடையது. எட்டு நாட்களுக்கு முன், நல்ல நிலவு நாளில், நள்ளிரவுக்கு மேல் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார். மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்த, விரல் நீளமே உள்ள கறுப்பு அலுமினிய டார்ச் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. மடை மாற்ற மண்வெட்டியைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டதால், அதை அணைத்துப் பையில் போட்டது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிலா வெளிச்சம் போதுமானதாக இருந்ததால் பிறகு அதை எடுக்கவே இல்லை. மோட்டார் அறைக்குத் திரும்பிய பிறகுதான் பை காலியாக இருப்பது தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் பகலில் ஆள் வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் தோப்பில் உழவு ஓட்டுகிறார்கள். அதற்குள் எப்படிக் கண்டுபிடிப்பது, கிடைத்தாலும் எரியுமா என்று கேட்கிறார். "வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை" என்றும் எழுதியிருக்கிறார். எனக்கும் வராது, ஆகையால் அந்த யோசனையை நான் சொல்லப்போவதில்லை.

நேயரே, நீங்கள் பகலில் தேடியதுதான் கோளாறு என்று நினைக்கிறேன். தென்னை நிழல் மற்ற மரங்களின் நிழலைப் போல ஒரே சீராக விழுவதில்லை. கீற்றுகளுக்கு இடையே வெயில் கோடு கோடாக இறங்கி, தரை முழுவதும் வெள்ளையும் கறுப்புமாகத் துண்டுபட்டுக் கிடக்கும். அதில் விரல் நீளக் கறுப்புப் பொருள் ஒன்று கிடந்தால், கண் அதையும் ஒரு நிழல் துண்டாகவே எடுத்துக்கொண்டு கடந்துபோய்விடும். உங்கள் ஆள் அதை இரண்டு முறை தாண்டிப் போயிருந்தாலும் வியப்பில்லை. இரவில் தொலைந்ததை இரவிலேயே தேடுவது நல்லது. அதுவும் இப்போது தேய்பிறை என்பதால் நிலா நள்ளிரவை ஒட்டித்தான் எழும்; முன்னிரவு முழுக்க உங்களுக்கு நல்ல இருட்டு கிடைக்கும்.

எங்கே தேடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். சட்டைப் பையில் இருக்கும் பொருள் நடக்கும்போது பெரும்பாலும் விழாது, குனியும்போதுதான் விழும். ஆகவே நடந்த பாதை முழுவதையும் சலிப்பதைவிட, அன்றைக்கு எங்கெல்லாம் குனிந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மடையை அடைத்தது ஒன்று, வட்டப்பாத்திக்குள் தண்ணீர் போக மண்ணை வெட்டியது ஒன்று. வேலிக் கம்பிக்குக் கீழே நுழைந்தீர்களா, வழியில் கிடந்த மட்டையை இழுத்துப் போட்டீர்களா, கடைசியாகத் தொட்டியில் குனிந்து கால் கழுவினீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், தோப்புக்குள் போவதற்கு முன்பே தொட்டியின் அடியைத் துழாவிப் பாருங்கள். நினைவு பிடிபடவில்லை என்றால், அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அன்று போன வழியிலேயே ஒரு முறை நடந்து மடையை மாற்றிப் பாருங்கள். யோசித்து வராத நினைவு, உடம்பு அந்த வேலையைச் செய்யும்போது தானாக வந்துவிடுவதுண்டு. குனிந்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு குச்சியை நட்டு வையுங்கள்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா வீட்டுத் தோப்பில் இதே போன்ற ஒன்றைத் தொலைத்துவிட்டு, தொலைந்தது எந்த இடத்தில் தெரியவந்ததோ அந்த இடத்தையே ஒன்றரை நாள் சுற்றிச் சுற்றி வந்தேன். உண்மையில் அது விழுந்தது அதற்கு வெகு முன்னால், செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கக் குனிந்த இடத்தில். அங்கேயும் அது தரையில் விழவில்லை. காய்ந்து விழுந்த பாளை ஒன்று படகு போலக் கிடந்தது. அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது. ஆகவே பாளை, மட்டையின் அகன்ற அடிப்பகுதி, பன்னாடை, கவிழாமல் கிடக்கும் தேங்காய்த் தொட்டி என்று எது கண்ணில் பட்டாலும் உள்ளே பார்க்காமல் விடாதீர்கள். ஆனால் குப்பையை வாரிப் புரட்டிவிடாதீர்கள். மேலே கிடப்பது அடியில் போய்விடும்.

இனி தேடும் முறை. குச்சி நட்ட ஒவ்வோர் இடத்தையும் சுற்றிப் பத்தடி அளவுக்குக் கயிறு பிடித்து, இரண்டடி அகலப் பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வேறொரு டார்ச்சை எடுத்து, நின்றபடி கீழே அடிக்காமல், கணுக்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, ஒளி தரையை ஒட்டியே ஓடும்படி பிடியுங்கள். அப்போது சின்னக் கல்லுக்கும் நீளமான நிழல் விழும். காய்ந்த ஓலையின் நிழலும் கல்லின் நிழலும் கோணல் மாணலாக இருக்க, உருளையான உலோகத்தின் நிழல் மட்டும் ஒழுங்கான விளிம்போடு தெரியும். ஒரு முறை இப்படிப் பார்த்த பிறகு, அதே பட்டையில் டார்ச்சைக் காதோரம் கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை போங்கள். தொலைந்த டார்ச்சின் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால், அதன் உள்ளே இருக்கும் குழிந்த பிரதிபலிப்பான் உங்கள் ஒளியை வாங்கி, நடுவில் உள்ள மஞ்சள் எல்.இ.டி. மேல் குவித்து, வந்த வழியே திருப்பி அனுப்பும். கண் ஒளிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அது உங்களுக்குத் தெரியும். முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாததால், ஒவ்வொரு பட்டையையும் இரண்டு முனையிலிருந்தும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது புல்லுக்குள் நிறைய மினுக்கல்கள் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். ஊசி முனை போலப் பச்சையாக மின்னுபவை பெரும்பாலும் சிலந்தியின் கண்கள். கிட்டே போனால் நகர்ந்துவிடும். பனி இறங்கிவிட்டால் ஒவ்வோர் இலையும் மின்னத் தொடங்கிவிடும், பிறகு எதையும் பிரித்தறிய முடியாது. அதனால் இருட்டிய உடனே தொடங்கி, பனிக்கு முன் முடித்துக்கொள்வது நல்லது.

கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் வெளியே வரும் நேரமும் இதுதான் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூடிய செருப்போ பூட்ஸோ போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு போங்கள். எலி வளைக்குள்ளும் மட்டைக் குவியலுக்குள்ளும் கையை விடாமல் கம்பால் விலக்கிப் பாருங்கள்.

வாய்க்காலுக்குள் விழுந்திருந்தால் கணக்கு வேறு. அலுமினியம் தண்ணீரைப்போல் 2.7 மடங்கு அடர்த்தி கொண்டது. உள்ளே பேட்டரியும் இருப்பதால் டார்ச் மிதக்காது, வாய்க்கால் தண்ணீர் அதை வெகுதூரம் இழுத்துக்கொண்டும் போகாது. மடையைத் தாண்டித் தண்ணீர் விழுந்து குழி பறித்திருக்குமே, அந்தக் குழியில்தான் தங்கும். மேலே வண்டல் மூடிவிடும். அந்த இடத்து வண்டலை மண்வெட்டியால் மெதுவாக வழித்து இரும்புச் சட்டியில் போட்டு, சல்லடையில் கொட்டித் தண்ணீர் விட்டு அலசுங்கள். சேற்றுக்குள் கையால் துழாவினால் கண்ணாடித் துண்டு கிழித்துவிடும்.

காந்தம் கட்டி இழுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. உள்ளே இருக்கும் பேட்டரியின் உறை பெரும்பாலும் எஃகு என்பதால் வலுவான காந்தம் மிக அருகில் போனால் லேசாக இழுக்குமே தவிர, சேற்றில் புதைந்ததை மேலே கொண்டுவராது. உலோகம் கண்டறியும் கருவி இரவலாகக் கிடைத்தால் அது அலுமினியத்தை நன்றாகக் காட்டும். ஆனால் தோப்பில் வேலை செய்பவர்கள் கிழித்துப் போட்ட பாக்குப் பொட்டல உறைகளையும் அதே ஆர்வத்தோடு காட்டும். ஆகவே முழுத் தோப்புக்கும் அதை நம்பாமல், குச்சி நட்ட இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள்.

கிடைத்த உடனே எரிகிறதா என்று பார்க்க ஸ்விட்சை அழுத்தத் தோன்றும். தயவுசெய்து அழுத்தாதீர்கள். வெளிப்புறச் சேற்றைக் கழுவித் துடைத்த பிறகு, தலையைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பின்மூடியைத் திருகிக் கழற்றிப் பேட்டரியை வெளியே எடுங்கள். பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.7 என்று போட்டிருந்தால், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். ஐ.பி.எக்ஸ்.8 என்பது அதைவிடக் கடுமையான சோதனை, ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே குறிப்பிடுவார். இரண்டிலும் எட்டு நாள் சேற்றுக்குள் கிடக்கும் கணக்கு இல்லை. என்றாலும் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம் நன்றாக இருந்தால் உள்ளே சொட்டுக்கூட இறங்காமல் இருக்க வாய்ப்புண்டு.

ரிமோட்டில் போடும் ஆல்கலைன் பேட்டரியாக இருந்து, அதன் முனையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால், அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்ததன் அடையாளம். வெறுங்கையால் தொடாமல், பஞ்சில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்ட துணியால் துடையுங்கள். ரீசார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரியாக இருந்து, நனைந்தோ உப்பியோ நசுங்கியோ இருந்தால், அதற்கு மீண்டும் சார்ஜ் போடவே கூடாது. பேட்டரி இல்லாத உடம்பை மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் திறந்தே வையுங்கள். அரிசி டப்பாவுக்குள் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. காற்றைவிட வேகமாக அது உலர்த்தாது, தவிட்டுத் தூள் மூடியின் திருகு மரைக்குள் ஏறிக்கொள்ளும். காய்ந்த பிறகு மரையைத் துடைத்து, வளையத்தில் துளி சிலிகான் கிரீஸ் தடவி, புதுப் பேட்டரி போட்டு எரித்துப் பாருங்கள்.

எரிந்தால், சைக்கிள் கடையில் கிடைக்கும், ஒளியைத் திருப்பி அனுப்பும் ஸ்டிக்கரில் ஒரு துண்டை வெட்டி அதன் இடுப்பில் சுற்றிவிடுங்கள். அடுத்த முறை விழுந்தால் தூரத்திலிருந்து ஒரு வெளிச்சம் அடித்தாலே போதும்.

உழவைப் பற்றி ஒன்று. டிராக்டரில் ரொட்டேவேட்டர் மாட்டி ஓட்டினால், அதன் கத்தி டார்ச்சைத் தூக்கி எறியும் அல்லது மண்ணுக்குள் புதைக்கும், லித்தியம் பேட்டரி என்றால் வெட்டுப்பட்டுத் தீப்பிடிக்கவும் கூடும். இரண்டு மூன்று இரவு தேடியும் கிடைக்காவிட்டால், டிராக்டர் ஓட்டுநரிடம் சொல்லி, குச்சி நட்ட அந்த வரிசையை மட்டும் கடைசியாக ஓட்டச் சொல்லுங்கள்.