பன்னிரண்டு ரேக்குகள், எத்தனை ஸ்விட்ச்கள்? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். டேட்டா சென்டர் நெட்வொர்க் பற்றிய சென்ற காணொளிக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன். நேயர் ஒருவரிடம் 42 யூ (ரேக்கின் உயர அலகு) உயரமுள்ள 12 ரேக்குகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொரு ரேக்கிற்கும் 8 கிலோவாட் மின்சாரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவர் வாங்கப்போவது 1 யூ சர்வர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு 25 ஜிகாபிட் போர்ட்டுகள் உண்டு. ஸ்விட்ச்களை அந்தந்த ரேக்கிலேயே வைப்பதா, வரிசையின் கடைசியில் ஒரே பெரிய ஸ்விட்சாக வைப்பதா, ரேக்குகளின் ஸ்விட்ச்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்பைன் ஸ்விட்ச் இரண்டு போதுமா, ஃபயர்வாலை நேராக ஸ்பைனில் இணைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

கேள்வியிலேயே 8 கிலோவாட் என்று குறிப்பிட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இந்த எண்ணைச் சொல்லாமலேயே ஸ்விட்ச் மாடலைப் பற்றிக் கேட்கிறார்கள். 42 யூ இருக்கிறது என்பதற்காக ஒரு ரேக்கில் 38 சர்வர்கள் வைக்கலாம் என்று கணக்குப் போட்டால் அது காகிதத்தோடு நின்றுவிடும். ஒரு சர்வர் முழு வேலையில் சுமார் 450 வாட் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், 16 சர்வர்களுக்கே 7.2 கிலோவாட் போய்விடுகிறது. மீதியில் ஸ்விட்ச்களுக்கு ஒதுக்கியது போகக் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். ஆகவே ரேக்கிற்கு 16 சர்வர்கள், மொத்தம் 192 என்பதுதான் உண்மையான அளவு. அந்த 8 கிலோவாட், ஏ மற்றும் பி என்ற இரு மின்பாதைகளுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டதா, ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியாகச் சொல்லப்பட்டதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாதை துண்டிக்கப்பட்டால் மற்றது தனியாக முழுச் சுமையையும் தாங்க வேண்டும். ஆகவே சாதாரண நாட்களில் ஒவ்வொரு பிடியூவிலும் (ரேக்கின் கருவிகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் பட்டை) சுமை பாதிக்கு மேல் போகக்கூடாது. ஸ்விட்ச்களின் இரண்டு பவர் சப்ளைகளும் இதே போல ஏ, பி என்று பிரிந்தே செருகப்பட வேண்டும்.

இப்போது ஸ்விட்ச் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். வரிசையின் கடைசியில் பெரிய சேசிஸ் ஸ்விட்ச் வைக்கும் முறை, நூறு மீட்டர் வரை ஓடக்கூடிய செப்புக் கேபிள்கள் வழக்கில் இருந்த காலத்தில் நன்றாகவே பொருந்தியது. 25 ஜிகாபிட்டில் நிலைமை வேறு. விலை குறைந்ததும் மின்சாரம் ஏறத்தாழத் தேவைப்படாததுமான டிஏசி எனப்படும் செப்புக் கேபிள் அதிகபட்சம் 5 மீட்டர் வரைதான் போகும். வரிசையின் கடைசி வரை கொண்டுபோக வேண்டுமானால் 384 இணைப்புகளுக்கும் ஃபைபர் போட்டு, இரு முனைகளிலும் சேர்த்து 768 டிரான்ஸீவர்கள் (மின் சைகையை ஒளியாகவும் ஒளியை மின் சைகையாகவும் மாற்றுபவை) வாங்க வேண்டியிருக்கும். இந்த ஒரு கணக்கே அந்த வழியை மூடிவிடுகிறது என்பது என் கருத்து.

அதற்காக ஒவ்வொரு ரேக்கிலும் இரண்டு ஸ்விட்ச்கள் வைக்க வேண்டுமா என்றால், உங்கள் நிலையில் அது வீண்செலவு. 48 போர்ட் ஸ்விட்சில் 16 போர்ட்டுகள் மட்டும் பயன்பட்டு, மீதி 32 சும்மா கிடக்கும். ரேக்கிற்கு ஒரே ஸ்விட்ச் என்று வைத்தால் அது பழுதாகும்போதும், மென்பொருளைப் புதுப்பிக்கும்போதும் 16 சர்வர்கள் ஒன்றாக மறைந்துபோகும். நான் பரிந்துரைப்பது இவை இரண்டிற்கும் நடுவிலுள்ள வழி. அடுத்தடுத்த இரண்டு ரேக்குகளை ஒரு ஜோடியாகக் கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு லீஃப் ஸ்விட்ச், அதாவது சர்வர்கள் நேரடியாக இணையும் ஸ்விட்ச், வையுங்கள். ஒவ்வொரு சர்வரின் முதல் போர்ட்டைத் தன் ரேக்கிலுள்ள லீஃபுக்கும், இரண்டாவது போர்ட்டைப் பக்கத்து ரேக்கிலுள்ள லீஃபுக்கும் இணையுங்கள். ஒரு லீஃபில் 32 போர்ட்டுகள் பயன்படும், 16 கையிருப்பில் இருக்கும். மொத்தம் 12 லீஃப்கள் போதும். ஒரு ரேக் முழுவதுமாக மின்சாரம் இழந்தாலும், பக்கத்து ரேக்கின் சர்வர்கள் பாதி வேகத்தில் தொடர்ந்து இயங்கும். தரவின் நகல்களைப் பல ரேக்குகளில் பரப்பும் சேமிப்பு மென்பொருள் ஏதேனும் ஓடுகிறதென்றால், அதனிடம் தனி ரேக்கை அல்ல, இந்த ஜோடியையே ஒரு பழுது எல்லையாக அறிவிக்க வேண்டும்; இல்லையென்றால் ஒரே ஜோடிக்குள் இரண்டு நகல்கள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ரேக்கிலேயே ஸ்விட்ச் வைக்கும் முறையை டாப் ஆஃப் ரேக் என்று சொல்கிறார்களே என்பதற்காக ஸ்விட்சைக் கட்டாயம் உச்சியில் பொருத்த வேண்டியதில்லை. ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர். அடியிலுள்ள சர்வரிலிருந்து 42-ஆவது யூவுக்குக் கேபிள் ஏற வேண்டுமானால் உயரம் மட்டுமே சுமார் 1.8 மீட்டர் ஆகிறது. பக்கவாட்டில் போவதும், வளைவும், கையிருப்புத் தளர்ச்சியும் சேர்ந்தால் பக்கத்து ரேக்கிற்கு 3 மீட்டர் பற்றாது. எட்டு சர்வர்களைக் கீழேயும், எட்டை மேலேயும் வைத்து, லீஃபை அவற்றின் நடுவில் பொருத்தினால் எல்லா இணைப்புகளும் 3 மீட்டருக்குள் அடங்கிவிடும், எடையும் ரேக்கின் கீழ்ப்பாதியிலேயே இருக்கும். கேபிள் நீளம் இங்கே வெறும் அழகு சார்ந்த விஷயம் அல்ல. 25 ஜிகாபிட்டில் 5 மீட்டர் கேபிளுக்கு ஆர்எஸ்-எஃப்இசி என்ற பிழைதிருத்த முறை தேவைப்படுகிறது. சர்வர் ஒரு முறையையும் ஸ்விட்ச் வேறொரு முறையையும் எதிர்பார்த்தால் இணைப்பே எழாது, விளக்கு எரியாது, நீங்கள் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இரு முனைகளிலும் எந்த எஃப்இசி என்பதைத் தானாகத் தீர்மானிக்க விடாமல் வெளிப்படையாக அமைத்துவிடுவது நல்லது.

இதோடு சேர்ந்ததுதான் காற்றோட்டம். சர்வர்களின் நெட்வொர்க் போர்ட்டுகள் பின்புறம், அதாவது வெப்பப் பாதையை நோக்கி இருப்பதால், ஸ்விட்சின் போர்ட்டுகளும் பின்புறமே பார்க்க வேண்டும். அப்படியென்றால் குளிர்ந்த காற்று பவர் சப்ளை பக்கமாக நுழைந்து, போர்ட்டுகளின் பக்கமாக வெளியேறும் வகையிலான ஃபேன்களை ஆர்டர் செய்திருக்க வேண்டும். எதிர்த்திசை ஃபேன் வந்துவிட்டால் ஸ்விட்ச் சர்வர்களின் வெப்பக் காற்றையே உள்ளிழுக்கும். சரியான திசை ஃபேன் இருந்தாலும், ஸ்விட்ச் பின் தூண்களில் பொருத்தப்படுவதால் அதன் காற்று நுழைவாயில் ரேக்கின் உள்ளே ஆழத்தில் போய்விடுகிறது. எனவே முன்பக்கத்திலிருந்து அதுவரை காற்றைக் கொண்டுவரும் டக்ட் ஒன்றைப் பொருத்தி, காலியாக இருக்கும் மற்ற எல்லா யூக்களையும் பிளாங்கிங் பேனலால் மூட வேண்டும். கருவிகளுக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது குளிர்சாதனப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. அளவியை அறையின் சுவரில் அல்ல, இந்த நுழைவாயிலில் வைத்துப் பாருங்கள்.

இனி ஸ்பைன். லீஃப் ஒவ்வொன்றும் எல்லா ஸ்பைன்களோடும் இணைந்திருப்பதும், லீஃப் எதுவும் வேறு ஜோடியின் லீஃபோடு நேரடியாக இணையாதிருப்பதும் இந்த அமைப்பின் அடிப்படை. தொலைபேசி இணைப்பகங்களுக்காகச் சார்லஸ் க்ளோஸ் 1953-இல் வெளியிட்ட கணக்கின் வழித்தோன்றல்தான் இது. 48 எண்ணிக்கை 25 ஜிகாபிட் போர்ட்டுகளும் எட்டு 100 ஜிகாபிட் போர்ட்டுகளும் கொண்ட லீஃபை எடுத்துக்கொள்வோம். 32 சர்வர் இணைப்புகள் சேர்ந்து 800 ஜிகாபிட், மேல்நோக்கி நான்கு இணைப்புகள் கொடுத்தால் 400 ஜிகாபிட், ஓவர்சப்ஸ்கிரிப்ஷன், அதாவது சர்வர் பக்கத் திறனுக்கும் ஸ்பைன் பக்கத் திறனுக்கும் உள்ள விகிதம், 2:1. பொதுவான வேலைகளுக்கு இது தாராளம்.

அந்த நான்கு இணைப்புகளை இரண்டு ஸ்பைன்களுக்கு இரண்டிரண்டாகக் கொடுப்பதா, நான்கு ஸ்பைன்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுப்பதா என்பதே உங்கள் உண்மையான கேள்வி. எல்லாம் நலமாக இருக்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. ஒரு ஸ்பைன் போனால், முதல் அமைப்பில் திறன் பாதியாகி 4:1 ஆகிவிடும். இரண்டாவதில் கால் பங்கு மட்டுமே குறைந்து ஏறத்தாழ 2.7:1-இல் நிற்கும். பிந்தைய நிலையில் வேலை நேரத்திலேயே ஒரு ஸ்பைனைப் பராமரிப்புக்கு வெளியே எடுக்கலாம். முந்தைய நிலையில் யாரும் துணிய மாட்டார்கள். வளர்ச்சியையும் பாருங்கள். 12 லீஃப்களோடு வெளியுலகத்துக்கான இரண்டு லீஃப்களையும் சேர்த்தால் 14. ஸ்பைன் 32 போர்ட் கொண்டதென்றால், இரண்டு ஸ்பைன் அமைப்பில் இப்போதே 28 போர்ட்டுகள் நிரம்பி, இன்னும் இரண்டு லீஃப்களுக்கு மட்டுமே இடமிருக்கும். நான்கு ஸ்பைன் அமைப்பில் ஒவ்வொன்றிலும் 14 போர்ட்டுகள்தான் போகும். 32 லீஃப்கள் வரை வளரலாம். ஆகவே நான்கு என்பதே என் பதில். நான்கையும் ஒரே ரேக்கில் அடுக்காமல், இரண்டிரண்டாக வரிசையின் இரு முனைகளிலும் வையுங்கள். லீஃபிலிருந்து அங்கே போகும் தூரத்துக்கு ஓஎம்4 வகை ஃபைபரில் எஸ்ஆர்4 வகை டிரான்ஸீவர்கள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. டிரான்ஸீவர் முனையோடு ஒட்டியே வரும் ஏஓசி என்ற ஃபைபர் கேபிளின் விலை குறைவுதான். ஆனால் ஒரு முனை பழுதானால் மேலே தட்டில் ஓடும் கேபிளையே உருவி எடுக்க வேண்டும். பல இழைகளை ஒரே இணைப்பியில் கொண்ட எம்பிஓ ஃபைபரை நிலையாகப் போட்டு, முனைகளில் டிரான்ஸீவரை மட்டும் மாற்றிக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

ஒரு ஜோடியின் இரண்டு லீஃப்களும் சர்வருக்கு ஒன்றாகத் தெரிவதற்கு எம்லேக் என்ற முறையைப் பயன்படுத்தினால், அவற்றுக்கிடையே இரண்டு 100 ஜிகாபிட் போர்ட்டுகளைப் பியர் லிங்காகக் கொடுக்க வேண்டும். அந்த நேரடி இணைப்பு இல்லாமலே அதே பலனைத் தரும் ஈவிபிஎன் மல்டிஹோமிங் பயன்படுத்தினால் அந்த இரண்டும் மிச்சம், பின்னாளில் எட்டுப் போர்ட்டுகளையும் மேல்நோக்கிக் கொடுத்து 1:1-க்கே போகலாம். மேல் இணைப்புகளை எப்போதும் ஸ்பைன் எண்ணிக்கையின் மடங்காகவே கூட்டுங்கள். ஆறு போன்ற எண்ணில் சுமை சமமாகப் பிரியாது. லீஃபுக்கும் ஸ்பைனுக்கும் இடையே சுழற்சியைத் தவிர்க்க மாற்றுப் பாதைகளை அடைத்துவைக்கும் ஸ்பேனிங் ட்ரீ வேண்டாம். 2016-இல் வெளியான ஆர்எஃப்சி 7938 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விவரிப்பது போல இபிஜிபி என்ற வழித்தட நெறிமுறையை ஓட்டினால் எல்லாப் பாதைகளும் ஒரே நேரத்தில் பயன்படும். இந்த அமைப்பின் மேல் மெய்நிகர் நெட்வொர்க்குகளை ஓட்டும் விஎக்ஸ்லேன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 பைட்டுகளைக் கூட்டுவதால், ஸ்விட்ச்களுக்கு இடையிலான எல்லா இணைப்புகளிலும் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9216 என்று முதல் நாளே வைத்துவிடுங்கள்.

நிர்வாக நெட்வொர்க்கை நேயர் கேட்கவில்லை, ஆனாலும் அதை விட்டுவிட முடியாது. ஒரு ஜோடியில் 32 சர்வர்களின் பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் சிப்), இரண்டு லீஃப்கள், நான்கு பிடியூக்கள் என 38 போர்ட்டுகள் தேவை. 48 போர்ட் கொண்ட ஒரு 1 ஜிகாபிட் ஸ்விட்ச் போதுமானது. அதன் மேல் இணைப்பு மட்டும் லீஃப் வழியாகப் போகக்கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் முடங்கியபோது, முதன்மை நெட்வொர்க்கோடு நிர்வாகப் பாதையும் சேர்ந்து போய்விட்டதால், பொறியாளர்களை நேரில் அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

கடைசியாக ஃபயர்வால். ஸ்பைனில் சர்வரையோ, ஃபயர்வாலையோ, ரவுட்டரையோ இணைக்காதீர்கள். ஸ்பைன்களை ஒன்றோடொன்றும் இணைக்காதீர்கள். ஒரு ஸ்பைனில் மட்டும் ஃபயர்வால் இருந்தால் வெளியே போகும் போக்குவரத்து எல்லாம் அந்த ஒன்றிலேயே குவியும், அதுவரை ஒரே மாதிரி இருந்த நான்கு ஸ்பைன்களில் ஒன்று தனிச்சிறப்பானதாகிவிடும், அதன்பின் அதைப் பராமரிப்புக்கு எடுக்கவே முடியாது. நான்கிலும் இணைக்கலாம் என்றால் ஃபயர்வால் போர்ட்டுகளும் ஸ்பைன் போர்ட்டுகளும் வீணாகும், பாதுகாப்பு விதிகளும் ஸ்பைனுக்குள் நுழைந்துவிடும். மேலே 14 என்று எண்ணியபோது சேர்த்த அந்த இரண்டு லீஃப்கள் இதற்காகத்தான். ஃபயர்வால் ஜோடியும் வெளி ரவுட்டர்களும் அவற்றிலேயே இணையட்டும். ஸ்பைனின் கண்ணுக்கு அவை மற்ற பன்னிரண்டைப் போலவே இன்னும் இரண்டு லீஃப்கள், அவ்வளவுதான்.